7 இடம், 11 கன், ஒரே போன் நம்பர்

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வந்த ஒரு போனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

“சார், பேட்டரி 6 சதவீதம்தான் இருக்கு. உங்க ஆப்புல பச்சையா காட்டுச்சேன்னு நம்பி வந்தேன். இங்க மெஷின் செத்துக் கிடக்கு.”

மின்சார கார்களுக்கு நாங்கள் ஏழு இடங்களில் சார்ஜர் வைத்திருக்கிறோம். கன் என்பது வண்டியில் மாட்டும் கேபிளின் முனை. பேசியவர் யாரென்று தெரியாது. அந்த ஏழு இடங்களில் ஒன்றில் நின்றுகொண்டு, யார் யாரிடமோ கேட்டு என் சொந்த நம்பரைப் பிடித்திருந்தார். மெஷினில் ஒட்டியிருந்த நம்பர் அதைத் தயாரித்த கம்பெனியுடையது. அங்கே காலை ஒன்பது மணிக்கு மேல்தான் ஆள் எடுப்பார்கள்.

“ஸ்கிரீன் எரியுதா?”

“இல்லை.”

“சிவப்பா, காளான் குடை மாதிரி ஒரு பட்டன் இருக்கும் பாருங்க. உள்ளே அமுங்கியிருக்கா?”

“ஆமா.”

“அழுத்தாதீங்க. வலது பக்கமா லேசா திருகுங்க.”

டக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றுவது போனிலேயே கேட்டது. பக்கத்தில் யாரோ பேசுவதும் கேட்டது. அது வாட்ச்மேன். போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

“ரெண்டு நாளாவே இப்படித்தான் தம்பி கிடக்கு. சின்னப் பையன் ஒருத்தன் விளையாட்டா அழுத்திட்டுப் போனான். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை, விட்டுட்டேன்.”

அவசரத்துக்கு நிறுத்தும் பட்டன் அது. திருகினால் வெளியே வந்துவிடும், இரண்டு நொடி வேலை. அந்த இரண்டு நொடிக்காக ஒரு சார்ஜர் இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. அது உயிரோடு இருப்பதாக எங்கள் ஆப் இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆப் ஏன் பொய் சொன்னது என்று மறுநாள் உட்கார்ந்து பார்த்தோம். அந்த மாடலில் சிவப்புப் பட்டன் மெஷினின் மூளைக்குப் போகும் கரண்டையும் சேர்த்து வெட்டிவிடும். ‘எனக்குக் கோளாறு’ என்று சொல்லக்கூட அதற்கு அவகாசமில்லை. இணைப்பு அறுந்தது மைய மென்பொருளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதை ஆப்புக்குச் சொல்ல வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசியாக மெஷின் சொன்ன ‘காலி’ என்ற ஒரு சொல் பச்சையாகவே நின்றுவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் மெஷின் ஐந்து நிமிடம் வாய் திறக்கவில்லை என்றால் ஆப்பில் சாம்பல் நிறமாகிவிடும். நீங்கள் இப்படி ஒன்று தொடங்குவதாக இருந்தால் முதல் நாளே இதைக் கேளுங்கள்: மெஷின் பேசாமல் போனால் ஆப் என்ன நிறம் காட்டும்?

என் தொழில் வயரிங். மின்சார கார் வாங்கிய பிறகு இந்தப் பக்கம் இழுக்கப்பட்டேன். எங்கள் வட்டாரத்தில் விடுதி, மருத்துவமனை, கார் நிறுத்துமிடம் என்று சிலர் ஏற்கெனவே தனித்தனியாகச் சார்ஜர் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்பணம். ஓட்டுபவருக்கு அது தலைவலி. வைத்தவர்களுக்கும் லாபமில்லை, ஏனென்றால் தனியாக நிற்கும் ஒரு சார்ஜரை நம்பி யாரும் கிளம்புவதில்லை. அது பழுதாக இருந்தால் அப்புறம் எங்கே போவது? பக்கத்திலேயே இன்னும் இரண்டு இருப்பது தெரிந்தால்தான் மூன்றுக்கும் வண்டி வரும். இதைச் சொல்லித்தான் ஐந்து உரிமையாளர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தேன். மெஷின் அவரவருடையது, இடமும் அவரவருடையது. மென்பொருள், ஆப், கட்டணப் பலகை மூன்றும் பொது.

இந்தத் தலைவலி நாங்கள் முதலில் கண்டதல்ல. நெதர்லாந்தில் 2009-இல் மின் வினியோக நிறுவனங்கள் சேர்ந்து ஈ-லாட் என்ற அமைப்பைத் தொடங்கியபோது அவர்களுக்கும் இதே பிரச்சினைதான். பல கம்பெனிப் பெட்டிகள், ஒரே மென்பொருள். அதற்காக, பெட்டியும் மென்பொருளும் பேசிக்கொள்ள அவர்கள் உருவாக்கிய பொதுமொழிதான் ஓசிபிபி. 2015-இல் வந்த அதன் 1.6 பதிப்பை இன்றும் ஏராளமான பெட்டிகள் பேசுகின்றன. 2.0.1 பதிப்பு 2020-இல் வந்தது.

அந்தப் பெயரை நம்பித்தான் முதல் அடி வாங்கினோம். விளம்பரத் தாளில் ‘ஓசிபிபி உண்டு’ என்று இருந்தது. உண்டுதான். ஆனால் மெஷின் எந்த சர்வருடன் பேச வேண்டும் என்பதை மாற்றும் பாஸ்வேர்டு விற்றவரிடமே இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டி, பேசுவது மட்டும் அவரோடு. மூன்று வாரம் கெஞ்சிய பிறகுதான் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியையும் சுவரில் மாட்டும் முன் என் பட்டறையில் வைத்து எங்கள் சர்வரோடு பேசவிட்டுப் பார்க்கிறேன். காரை மாட்டி ஒரு முறை தொடங்கி நிறுத்துவேன். சார்ஜ் ஓடும்போதே சிம்மை உருவுவேன். திரும்பப் போட்டதும், இடையில் ஓடிய யூனிட்டுகளைச் சேர்த்து வைத்துச் சொல்கிறதா, விழுங்கிவிடுகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் மெயின் சுவிட்சையே அணைப்பேன். கரண்ட் போனால் கன் வண்டியிலேயே பூட்டிக்கொண்டு வர மறுக்கிறதா, திரும்பி வந்ததும் மெஷின் தானாக எழுகிறதா, இல்லை யாராவது போய்த் தட்டி எழுப்ப வேண்டுமா? கடைசியில் இங்கிருந்தே ரீசெட் கட்டளை கொடுத்துப் பார்ப்பேன். அரை நாள் வேலை. இரண்டு பெட்டிகளை இப்படித்தான் திருப்பி அனுப்பினேன்.

அடுத்த தவறு பேராசை. எல்லா இடத்திலும், பேட்டரிக்கு நேர்மின்சாரத்தை நேராகவே கொடுக்கும் வேகமான டிசி சார்ஜர்தான் வேண்டும் என்று உரிமையாளர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். விடுதியில் 60 கிலோவாட் வைத்தோம். என்ன ஆயிற்று? ஒருவர் இரவு பத்து மணிக்கு வண்டியை மாட்டிவிட்டுத் தூங்கப் போவார். ஒன்றரை மணி நேரத்தில் வண்டி நிறைந்துவிடும், காலை ஏழு மணிவரை கன் அதிலேயே தொங்கும். அடுத்து வந்தவர் ரிசப்ஷனில் சண்டை போடுவார். ராத்திரி முழுக்க நிற்கும் வண்டிக்கு 7 கிலோவாட் ஏசி, அதாவது வீட்டுக்கு வரும் அதே மாற்று மின்சாரத்தைத் தரும் மெதுவான வகை, போதும். ஆள் எவ்வளவு நேரம் அங்கே இருப்பார் என்பதைப் பார்த்து மெஷின் வாங்க வேண்டும். நாங்கள் மெஷினை வாங்கிவிட்டு ஆளைத் தேடினோம். ஆறு மாதம் கழித்து அந்த 60 கிலோவாட்டைப் பெயர்த்து, நெடுஞ்சாலையை ஒட்டிய நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனோம். விடுதியில் நான்கு ஏசி பாயின்ட் வைத்தோம். ஏழு இடத்திலும் அதிகம் சம்பாதிப்பது இன்று அந்த நான்கும்தான்.

ஏசி பற்றி ஒரு வார்த்தை. சுவரில் மாட்டும் ஏசி பெட்டியைச் ‘சார்ஜர்’ என்கிறோமே தவிர, அது பேசத் தெரிந்த ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். உண்மையான சார்ஜர் வண்டிக்குள் இருக்கிறது. ‘இவ்வளவு ஆம்பியர்வரை இழுத்துக்கொள்’ என்று பெட்டி வண்டிக்கு ஒரு சிக்னல் அனுப்பும். நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் சிக்னல் அது. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத நேரம் அது மேலே நிற்கிறதோ, அதை வைத்து வண்டி புரிந்துகொள்ளும். ஏறக்குறைய 27 சதவீதம் என்றால் 16 ஆம்பியர், 53 என்றால் 32. வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் 7 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் பெட்டியில் மாட்டினாலும் ஏழுதான் ஏறும். ‘22 என்று போர்டு வைத்து ஏமாற்றுகிறீர்கள்’ என்று வாரம் ஒருவராவது சண்டைக்கு வந்தார். போர்டில் ‘22 வரை. உங்கள் வண்டி எவ்வளவு வாங்குமோ அவ்வளவு’ என்று எழுதினோம். சண்டை பாதியாகக் குறைந்தது.

வயரிங்காரன் என்பதால் இந்தப் பகுதி எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். எர்த் என்னைத் தலைகுனிய வைத்தது. மருத்துவமனையில் மழைக்காலத்தில் வைத்த ஏசி பாயின்ட்கள் நாலைந்து மாதம் அருமையாக ஓடின. வெயில் ஏற ஏற, ஒரு குறிப்பிட்ட மாடல் கார் மட்டும் சார்ஜ் ஆகாமல் உதறியது. மற்ற வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனவே கார் மேல்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். கார்க்காரர்கள் எங்களைச் சொன்னார்கள். ஒருநாள் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பார்த்தேன். வெட்கமாகிவிட்டது. எர்த் குழி காய்ந்து, மின்தடை எகிறியிருந்தது. அந்த மாடல் எர்த் விஷயத்தில் மற்றதைவிடக் கண்டிப்பு. சரியாகத்தான் மறுத்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு குழி எடுத்து இரண்டையும் இணைத்தேன். இப்போது எங்கள் பட்டியலில் கோடைக்கு முன் எர்த் அளப்பது ஒரு கட்டாய வேலை.

இன்னொன்று லக், அதாவது கேபிள் முனையில் நட்டுப் போட்டு இறுக்கும் உலோகக் காது. வீட்டில் மோட்டார் அரை மணி ஓடி நிற்கும். சார்ஜர் அப்படியல்ல, 60 கிலோவாட் மெஷின் ஒரு ஃபேஸுக்கு 90 ஆம்பியருக்கு மேல் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். சூடாகி, ஆறி, திரும்பச் சூடாகி, இறுக்கிய நட்டு மெல்ல மெல்லத் தளரும். முதல் வருடம் ஒரு பெட்டியைத் திறந்தபோது லக்கைச் சுற்றியிருந்த உறை அப்பளம் பொரித்த மாதிரி சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் கதையே வேறு. வைத்த மூன்றாம் மாதம் ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்து இறுக்க வேண்டும். கையால் ‘டைட்டாத்தான் இருக்கு’ என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொன்ன ஆள்தான்.

கேபிள் எட்டாத கதை வேறு. மெஷினை வண்டி நிறுத்தும் கட்டத்தின் ஓரத்தில் கான்கிரீட் போட்டு நட்டுவிட்டோம். சில வண்டிகளுக்கு முன்பக்கம், சிலவற்றுக்குப் பின்பக்க இடது, சிலவற்றுக்கு வலது என்று சார்ஜ் வாய் ஆளுக்கொரு இடத்தில். பாதி வண்டிக்கு எட்டவில்லை. உடைத்து, இரண்டு கட்டங்களுக்கு நடுவே தலைமாட்டில் நட்டோம். அதற்கு முன் நண்பர்களிடம் ஆறு மாடல் வண்டிகளை இரவல் வாங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு நிறுத்தி, கயிறு பிடித்து அளந்தோம். முதலிலேயே செய்திருக்கலாம். பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன என்பது ஒரு ஆறுதல். 2022-இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 657 டிசி கன்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள். 72.5 சதவீதம்தான் வேலை செய்தன. ஏறக்குறைய 5 சதவீதத்தில் கேபிள் வண்டிக்கு எட்டவே இல்லை. அதே மெஷின்கள் 95 முதல் 98 சதவீத நேரம் நன்றாக இருப்பதாக நடத்தியவர்களின் கணக்கு சொன்னது.

இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் நாங்கள் அளவுகோலை மாற்றினோம். அமெரிக்க அரசு நிதி வாங்கும் நெடுஞ்சாலை சார்ஜர்களுக்கு 97 சதவீதம் என்று விதி இருக்கிறது. பிரிட்டன் வேக சார்ஜர்களுக்கு 99 சதவீதம் கேட்கிறது. 97 என்றால் வருடத்தில் 11 நாள் படுக்கலாம், 99 என்றால் மூன்றரை நாள்தான். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மெஷின் ‘உயிரோடு’ இருப்பதை மட்டும் எண்ணினால் வாசலை மறித்து நிற்கும் வேன் கணக்கில் வராது. மொபைல் சிக்னல் இல்லாத அடித்தளக் கார் நிறுத்துமிடமும் வராது. கன்னின் பூட்டு சிக்கியதும் வராது. வந்து மாட்டியவர்களில் பத்துக்கு எத்தனை பேருக்கு முதல் தடவையிலேயே ஏறியது என்று எண்ணத் தொடங்கினோம். முதல் மாதம் ஏழு. மேசையைச் சுற்றி ஐந்து முகங்களும் தொங்கிப்போயின.

பத்துக்கு ஏழாக இருந்ததை எட்டாக்கியது ஒரு ஃபில்டர். ‘60 என்று போட்டிருக்கிறீர்கள், 30-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது’ என்று புகார். மெஷினில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. கதவைத் திறந்தால் ஃபேனுக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், பழைய கம்பளித் துண்டு மாதிரி புழுதியடைந்து கிடந்தது. காற்று போகவில்லை, உள்ளே சூடு ஏறுகிறது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷின் தானே வேகத்தைக் குறைத்திருக்கிறது. தட்டி, கழுவி, காயவைத்து மாட்டினேன். அடுத்த வண்டிக்கு 58 போயிற்று.

எந்தக் கன் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: உங்கள் ஊரில் இப்போது விற்கும் வண்டியைப் பாருங்கள், ஆனால் கேபிளை மாற்ற முடிகிற மெஷினாக வாங்குங்கள். எஸ்டோனியா 2013-இல் 165 வேக சார்ஜர்களோடு நாடு முழுக்க வலையமைப்பைத் திறந்தது. அவற்றின் வேகக் கன் ஜப்பானின் சாடெமோ வகை. ஐரோப்பாவோ அடுத்த வருடமே சிசிஎஸ்2 என்ற வேறு வகைக் கன் பக்கம் சாய்ந்துவிட்டது. வட அமெரிக்காவில் 2022 நவம்பரில் டெஸ்லா தன் கன்னைப் பொதுவில் திறந்துவிட்டதும், அடுத்த வருடத்துக்குள் பல கார் கம்பெனிகள் அந்தப் பக்கம் தாவின. கன் மாறும். கான்கிரீட் மாறாது.

சரி, பணம். பங்காளிகளுக்குள் நம்பிக்கை கெடுவது பெரிய தொகையில் அல்ல, சில்லறை யூனிட்டில். மருத்துவமனை நிர்வாகி ஒரு மாதக் கடைசியில் பில்லோடு வந்தார். “என் மீட்டர்ல ஓடினது இவ்வளவு. நீங்க வித்ததா காட்டுறது அதைவிடக் குறைவு. மிச்சம் எங்கே போச்சு?” கேட்கும் தோரணையிலேயே நாங்கள் திருடுகிறோம் என்பது இருந்தது. எங்கேயும் போகவில்லை. டிசி மெஷின் ஏசியை டிசியாக மாற்றும்போது நூற்றுக்கு ஐந்தாறு யூனிட் சூடாகவே போய்விடும். வண்டி இல்லாத நேரத்திலும் ஸ்கிரீனும் மோடமும் கரண்ட் குடிக்கும். அவர் பில் மெஷினுக்கு வெளியே அளந்தது, எங்கள் பில் கன் முனையில் அளந்தது. இதை முதல் நாளே தாளில் எழுதியிருந்தால் பத்து நிமிடப் பேச்சு. எழுதாததால் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ‘இழப்பு யார் தலையில்’ என்று ஒரு பத்தி இருக்கிறது.

பெரிய வலையமைப்பு ஒன்றோடு இணைந்தபோது வந்த குழப்பம் இன்னும் வேடிக்கை. இரண்டு வலையமைப்புகள் ஒன்றோடொன்று பேச ஓசிபிஐ என்று தனி மொழி. அதில் நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில்தான் போகும். எங்கள் கணக்குப் பிள்ளை உள்ளூர் நேரத்தில் மாதத்தை முடித்தார். மாதத்தின் கடைசி ராத்திரி ஓடிய சார்ஜ்கள் ஒரு பக்கம் இந்த மாதத்திலும், மறுபக்கம் அடுத்த மாதத்திலும் விழுந்தன. ஒவ்வொரு மாதமும் நாலைந்து பில் உதைத்தது. கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது.

காத்திருப்பவர் சண்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசியில் 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். கடைசி 20 சதவீதத்துக்கு ஆகும் நேரம், முதலில் 20-லிருந்து 80 போன நேரத்துக்கே சமமாகலாம். அதனால் யாராவது காத்திருந்தால் 80-இல் எடுக்கச் சொல்லி ஆப்பில் செய்தி போகும். நிறைந்த பிறகும் நின்றால் பத்து நிமிடம் கழித்து நிறுத்துக் கட்டணம் ஓடும். ஏசியில் ராத்திரி மட்டும் அது கிடையாது. நடுராத்திரி ஒருவரை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த வாட்ச்மேனிடம் வருகிறேன். இவ்வளவு செலவு செய்து மென்பொருள் வாங்கினோம். ஆனால் மெஷினிலிருந்து பத்தடி தூரத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெஷின் கம்பெனி சொல்லும் என்று உரிமையாளர் நினைத்தார். உரிமையாளர் சொல்வார் என்று நான் நினைத்தேன். ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒன்றில் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு பேர் ‘அது அவர் வேலை’ என்று இருந்துவிடுவார்கள்.

அந்த வாரமே ஒரு போன் நம்பர் வாங்கினோம். ஏழு இடத்துக்கும் ஒரே நம்பர், ராத்திரி பகல் எடுக்கப்படும். எடுப்பது அந்த ஐந்து உரிமையாளர்களும் நானும், ஆளுக்கு ஒரு வாரம். உரிமையாளரே எடுக்க வேண்டும், ஆளை வைத்து எடுக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். மருத்துவமனை நிர்வாகி ஒரு ராத்திரி மூன்று முறை எழுந்தார். மறுநாளே, இத்தனை மாதம் கிடப்பில் போட்டிருந்த சிக்னல் பூஸ்டருக்குக் கையெழுத்துப் போட்டார். ஸ்டிக்கரைக் கண் உயரத்தில் ஒட்டினோம். நம்பருக்குக் கீழே இடத்தின் எண், பெரிதாக. 6 சதவீதத்தில் நிற்கிறவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று விளக்கப் பொறுமை இருக்காது. எடுப்பவர் சரிசெய்ய முடியவில்லை என்றால், அந்த பேட்டரியில் போய்ச் சேரக்கூடிய அடுத்த சார்ஜர் எது, அது இப்போது காலியா என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும். அது எங்களுடையதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வாட்ச்மேன்களுக்கு அரை மணி நேரப் பாடம். சிவப்புப் பட்டன் அமுங்கியிருந்தால், சுற்றிப் பார்த்து, தீயோ புகையோ இல்லை என்றால் திருகி எடுக்கலாம். பிரேக்கர் விழுந்தால் ஒரே ஒரு முறை தூக்கலாம். மறுபடி விழுந்தால் தொடவே கூடாது, போன் செய்ய வேண்டும். கன் தரையில் கிடந்தால் எடுத்து மாட்ட வேண்டும், வண்டி ஏறிவிட்டால் கன் போச்சு. மாதம் ஒரு முறை நான் வந்து மெஷினை அணைத்துத் திறந்து கொடுக்கும்போது ஃபில்டரைத் தட்ட வேண்டும். இதற்கெல்லாம் மாதாமாதம் தனியாக ஒரு தொகையும் உண்டு. அதில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம் என்று மேசையில் சண்டை போட்டேன். பத்துக்கு எட்டாக இருந்தது ஒன்பதரைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த வருடம் நாங்கள் வேறு எந்தப் புது மெஷினும் வாங்கவில்லை.

இது என் வாரம். நேற்று மொத்தம் இரண்டு போன். ஒன்று, கார்டு வேலை செய்யவில்லை என்று. இன்னொன்று அதே வாட்ச்மேன்.

“தம்பி, ரெண்டாவது கன் மாட்டுற ஹோல்டருக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. நீங்க சொல்லித் தந்த நாலுல இது இல்லையே, என்ன பண்ணட்டும்?”